குதிக்கும் பட்டன் தம்பிக்கு

அக்காவுக்கு வயது ஐம்பத்திரண்டு. பதின்மூன்று வயதிலிருந்து ஒரே ஒரு கணினி ஆட்டத்தை ஆடிக்கொண்டிருக்கிறாள். அதில் வரும் ஆளை இடப்பக்கம் நடத்துவாள், வலப்பக்கம் நடத்துவாள். குதிக்க வைக்கும் பட்டன்மீது மட்டும் அவள் விரல் இன்றுவரை பட்டதில்லை. அது தம்பியின் பட்டன்.

பாசத்தால் வந்த ஏற்பாடு என்று நினைத்து யாரும் மூக்கைச் சிந்த வேண்டாம். சண்டையால் வந்தது.

அப்பா ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டு அகலத்தில், மேலே பட்டன்கள் பதித்த ஒரு கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்து தொலைக்காட்சியோடு இணைத்தார். இது இருந்தால் பிள்ளைகளுக்குக் கணக்கு நன்றாக வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்களாம். அந்த யாரோ யார் என்று அம்மா கடைசிவரை விசாரித்தாள். அப்பா கடைசிவரை காட்டிக்கொடுக்கவில்லை. கணக்கு வரவில்லை. பெட்டியோடு இலவசமாகக் கொடுத்த கேசட்டிலிருந்து வாளிக்காரன்தான் வந்தான்.

அந்தக் காலத்து வீட்டுக் கணினிகளுக்கு ஆட்டம் என்பது பாட்டுக் கேட்கிற அதே கேசட்டில்தான் இருக்கும். டேப் ரெக்கார்டரில் போட்டு ஓடவிட்டால், தகரத்தைத் தரையில் இழுத்துக்கொண்டு போவது போல ஐந்து நிமிடம் கதறும். கதறி ஓய்ந்தால் திரையில் ஆட்டம் வரும். நடுவில் யாராவது மின்விசிறியைப் போட்டு மின்சாரம் ஒரு துளி ஆடினாலும் போச்சு, முதலிலிருந்து கதறவிட வேண்டும். அந்த ஐந்து நிமிடமும் அப்பா இருமலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இருமலுக்கும் மின்சாரத்துக்கும் சம்பந்தமில்லை என்று அவருக்கும் தெரியும். இருந்தாலும் எதற்கு வம்பு.

வாளிக்காரன் என்பது இவர்களாக வைத்த பெயர். சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு வெள்ளை உருவம், கையில் வாளி மாதிரி ஏதோ ஒன்று. கேசட் அட்டையில் இருந்த படத்தில் அவன் பயில்வான்; திரையில் அவன் ஒரு பற்குச்சி. இருபத்திரண்டு மாடிக் கட்டடம், மாடிக்கு ஒரு திரை. எல்லா மாடியிலும் யாரோ குழாயைத் திறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அடியிலிருந்து தண்ணீர் ஏறிக்கொண்டே வரும். பலகைக்குப் பலகை தாவி, அந்த மாடிக் குழாய்களையெல்லாம் மூடிவிட்டு, தண்ணீர் தலைக்கு மேலே போவதற்குள் அடுத்த மாடிக்கு ஏறிவிட வேண்டும். மூன்று உயிர். மூன்றும் போனால் மறுபடி முதல் மாடி. விட்ட இடத்தில் தொடங்குகிற சலுகையெல்லாம் அந்த ஆட்டத்துக்குத் தெரியாது. இருபத்திரண்டாவது மாடியில் ஒரு பெரிய தொட்டி இருக்கும், அதன் திருகை மூடினால் ஆட்டம் முடிந்தது என்று அட்டையில் போட்டிருந்தது.

யார் ஆடுவது என்பதில் முதல் வாரமே இரண்டு ஜோடி கன்னங்கள் சிவந்தன. அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். பெட்டியையும் ஒரு முறை பார்த்தாள்.

"பெரியவளே, நீ நடக்க வை. குதிக்கிற பட்டன் தம்பிக்கு. இனிமே சத்தம் கேட்டா பெட்டி தெருவுல கிடக்கும்."

பாகப்பிரிவினைக்கு நீதிமன்றங்கள் இருபது வருடம் எடுத்துக்கொள்கின்றன. அம்மா ஒரே உடம்பை அரை நிமிடத்தில் இரண்டு பிள்ளைகளுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு, அடுப்பில் எதுவும் அடிப்பிடிப்பதற்குள் திரும்பிப் போய்விட்டாள்.

அம்மாவுக்குத் தெரியாத சிக்கல் ஒன்று அந்த ஆட்டத்தில் இருந்தது. குதிக்கிற கணத்தில் வாளிக்காரன் எந்தப் பக்கம் நடந்துகொண்டிருக்கிறானோ அந்தப் பக்கமே போய் விழுவான். நின்றுகொண்டு குதித்தால் நின்ற இடத்திலேயே எழும்பி, நின்ற இடத்திலேயே இறங்குவான். நடுவானில் திருப்ப முடியாது, நிறுத்த முடியாது. ஆகவே அக்கா விளிம்பை நோக்கி நடத்திக்கொண்டு போக வேண்டும். விளிம்புக்கு ஒரு மயிரிழை முன்னால் தம்பி அழுத்த வேண்டும். அழுத்திய பிறகு இரண்டு பேருக்கும் வேலை இல்லை. வாயைப் பிளந்துகொண்டு பார்க்கலாம்.

தம்பி பிறவி அவசரக்காரன். அக்கா "ம்" என்று சொன்னால் அவன் குதிக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அவள் மூச்சை உள்ளே இழுப்பதற்குள் அவன் குதித்திருப்பான். அவள் ஒரு நொடி முன்னால் சொல்லிப் பார்த்தாள். அவன் இரண்டு நொடி முன்னால் குதித்தான். கடைசியில் அவனுடைய அவசரத்துக்குத் தகுந்த மாதிரி தன் நடையை மாற்றிக்கொண்டாள். தம்பிகளைத் திருத்தும் வேலையை உலகத்து அக்காக்கள் எல்லோரும் கைவிடுகிற இடம் அதுதான். திட்டுவதை மட்டும் கைவிடவில்லை. "உன்னை யார்டா இப்ப குதிக்கச் சொன்னா" என்பது அந்த வீட்டில் சுவர்க் கடிகாரத்தின் சத்தம் போல ஆகிவிட்டது. யாருக்கும் காதில் விழாது.

பிறகு வழக்கமானதெல்லாம் நடந்தது. அக்கா கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் பட்டறையில் சேர்ந்தாள். மோட்டார் வைத்த தையல் இயந்திரம். எவ்வளவு மிதிக்கிறோமோ அவ்வளவு ஓடும். நூலளவு மிதித்தால் நாலு தையல், அதற்குமேல் ஒரு நூல் மிதித்தால் நாற்பது. அக்கா மூலை திருப்பும்போது ஒரே ஒரு தையல் மட்டும் போட்டு நிறுத்துவாள். அவள் பாதத்துக்குள் தனியாக ஒரு மூளை இருக்கிறது என்று பட்டறையில் பேசிக்கொள்வார்கள். தலைக்குள் இருப்பதைப் பற்றி அபிப்பிராயம் சொல்லாமல் விட்டுவிடுவார்கள்.

தம்பி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவன் ஆனான். அவசரக்காரனுக்கு ஊசியைக் கொடுத்தார்களே என்று வீட்டில் கவலைப்பட்டார்கள். ஆனால் அந்த அவசரம்தான் அங்கே உதவியது. உட்கார்ந்தவர் பயப்பட ஆரம்பிப்பதற்குள் வேலை முடிந்திருக்கும். "எப்பங்க குத்துவீங்க?" என்று கேட்டவரிடம் பஞ்சைக் கொடுத்து அனுப்பிவிடுவான். கூடத்தில் அவனுக்கு 'கொசு' என்று பட்டப்பெயர். குத்தியது எழுந்து போன பிறகுதான் தெரியும்.

இருவருக்கும் கல்யாணம் ஆனது. அப்பா போனார், அம்மா போனாள். பெட்டி தம்பி வீட்டுக்குப் போனது. கேசட்டை அக்கா எடுத்து வைத்துக்கொண்டாள். தன்னை விட்டுவிட்டு மற்றவர் ஆடிவிடுவாரோ என்கிற சந்தேகம்தான், வேறென்ன. அந்தச் சந்தேகத்தின் பலனாக, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மூன்று மணிக்கு அக்கா கைப்பையில் கேசட்டோடு தம்பி வீட்டு இரண்டாவது மாடிக்கு ஏறி வந்தாள். கூடவே அவளுடைய வீட்டுக்காரர். பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். வாரத்தில் ஐந்து நாள் நாற்பது பிள்ளைகளிடம் "உட்காரு" என்று சொல்கிற மனிதர், ஞாயிறு தம்பி வீட்டு சோபாவில் சரிந்து, "இடது பக்கம் போ, இப்ப குதி, ஐயோ போச்சு" என்று வழி சொல்வார். முப்பத்தொன்பது வருடத்தில் இருபத்தொன்றாவது மாடி வரைக்கும் நான்கு முறை போயிருக்கிறார்கள். இருபத்திரண்டு எப்படி இருக்கும் என்று பார்த்ததில்லை.

தம்பியின் கையில் வந்த கோளாறை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, வாளிக்காரன்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிறு, ஒன்பதாவது மாடி. கண்ணை மூடிக்கொண்டே தாண்டுகிற இடம். அக்கா நடத்திக்கொண்டு போனாள், "ம்" சொன்னாள், வாளிக்காரன் குதிக்காமல் அப்படியே விளிம்பைத் தாண்டி நடந்து தண்ணீரில் விழுந்தான்.

"என்னடா, வயசாயிடுச்சா?"

"இல்லக்கா. ஒரு நாளாவது நீ சொன்னப்புறம் குதிக்கலாம்னு பார்த்தேன்."

சிரித்தார்கள். அடுத்த வாரமும் அதே போல விழுந்தான். அதற்கடுத்த வாரம் அக்கா சிரிக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து, பரிசோதனைக் கூடத்தில் ஒரு பெரியவருக்குத் தம்பி இரண்டு முறை குத்த வேண்டியதாயிற்று. அந்தப் பெரியவர் கோபித்துக்கொள்ளவில்லை. தம்பிதான் ஊசியை வைத்துவிட்டு, மேலாளரிடம் போய், இனிமேல் தன்னிடம் ஆள் அனுப்ப வேண்டாம் என்றான். குப்பிகளில் பெயர்ச்சீட்டு ஒட்டும் மேசைக்கு மாற்றினார்கள். சீட்டுகள் சாய்ந்தன. பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள், மரியாதையாகத்தான், ஒரு சுவர்க் கடிகாரத்தோடு. வீட்டில் நேரம் பார்த்து ஆகவேண்டிய காரியம் எதுவும் இல்லாதவருக்குத்தான் நிறுவனங்கள் கடிகாரம் கொடுக்கின்றன.

நரம்பு டாக்டர் ஒரு பெயர் சொன்னார். நோயின் பெயர் எவ்வளவு நீளமோ அவ்வளவு குறைவாக மருந்து இருக்கும் என்பது தம்பிக்குத் தொழில் கொடுத்த அறிவு. பெயரைக் கேட்டு முடித்ததுமே அவனுக்கு விளங்கிவிட்டது. மூளை சொல்வது விரலுக்குத் தாமதமாகப் போய்ச் சேர்கிறது. போகப் போகப் போய்ச் சேராது. முதலில் கைகள், பிறகு மற்றவை, பேச்சு, விழுங்குவது. எத்தனை நாள் என்று தம்பியின் மனைவி கேட்டாள். டாக்டர் தன் மேசையில் இருந்த கணினித் திரையையே கொஞ்ச நேரம் பார்த்தார். விடை அதில் இருந்ததோ என்னவோ, படித்துச் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது வேனில் நாற்பது பிள்ளைகள் உட்காரும் இடத்தில் தம்பி, அவன் மனைவி, அக்கா என்று மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். தம்பி ஜன்னலோரம்.

"அக்கா, இருபத்திரண்டைப் பாத்துரணும்."

அப்படிப்பட்ட நேரத்தில் மனிதர்கள் மலையைப் பார்க்க வேண்டும், கடலைப் பார்க்க வேண்டும் என்பார்கள் என்று கேள்வி. இவனுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வேண்டியிருந்தது.

செய்தி பரவியதும் ஆலோசனைகள் வந்தன. ஒருவர் ஒரு எண்ணெய் சொன்னார். ஒருவர் குளிர்ந்த நீர் என்றார், அவரைக் கேட்டுவிட்டு வந்த இன்னொருவர் வெந்நீர் என்றார். நான்காவது ஒருவர் நம்பிக்கையோடு இருக்கச் சொல்லிவிட்டு, போகும்போது செருப்பு மாட்டிக்கொண்டே தம்பி மனைவியிடம் பிள்ளைகள் எந்த வகுப்பு என்று விசாரித்தார்.

அக்காவின் வீட்டுக்காரருடைய உதவி வேறு தினுசு. அந்த ஆட்டத்தின் புதுப் பதிப்பைத் தன் செல்போனில் இறக்கிக்கொண்டு வந்தார். அதில் வாளிக்காரனுக்கு மூக்கு, முழி எல்லாம் இருந்தன. குதித்த பிறகும் நடுவானில் மனம் மாறித் திரும்பிக்கொள்வான். தாமதமாக அழுத்தினால்கூட விளிம்பைப் பிடித்துத் தொங்குவான். உயிர் போனால் அரை நிமிடம் சோப்பு விளம்பரம் பார்க்க வேண்டும், இன்னொரு உயிர் வந்துவிடும். பள்ளிக்கூட வாசலில் மணியடிக்கக் காத்திருந்த நேரத்திலேயே நான்கு நாளில் முடித்துவிட்டாராம்.

"நானே முடிச்சிட்டேன். உங்களுக்கு என்ன? இதுல ஆடுங்க. தொட்டா போதும், அழுத்தக்கூட வேணாம்."

தம்பி அந்தப் போனை வாங்கி மடியில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"மாமா, இதுல நீங்க முடிக்கல. அந்த சோப்பு முடிச்சிருக்கு."

வேன்காரர் அதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை. போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். உதவ வந்தவரை அடித்துவிட்டோமே என்று தம்பி அன்று முழுக்க அவரிடம் வலியப் பேசினான்.

பழைய பெட்டியில்தான் ஆடினார்கள். தம்பியின் இடது கையை முயன்று பார்த்தார்கள். அது வலது கையைவிடப் பெரிய சோம்பேறியாக இருந்தது. ஆறாவது மாடியைத் தாண்ட முடியவில்லை. பிறகு நாலாவது. ஞாயிறு முடிந்து அக்கா கேசட்டைப் பையில் வைக்கும்போது தம்பி திரையையே பார்த்துக்கொண்டிருப்பான். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று அவள் சொல்வாள். அவன் தலையாட்டுவான். அடுத்த வாரம் இதைவிடக் குறைவாகத்தான் பார்க்க முடியும் என்பது இருவருக்கும் தெரியும்.

அக்கா ஒரு காரியம் செய்தாள். சரியா தப்பா என்று கேட்காதீர்கள், அவளே கேட்டுக்கொள்ளவில்லை.

பெட்டி சூடாகிறது, பார்க்கக் கொடுக்கிறேன் என்று சொல்லித் தன் தெருவில் இருக்கும் டிவி மெக்கானிக்கிடம் எடுத்துப் போனாள். கூடவே பட்டறையில் கழித்துப் போட்ட ஒரு தையல் இயந்திர மிதி. மெக்கானிக் பெட்டியைத் திறந்து, ரொம்ப நாள் கழித்துச் சொந்தக்காரரைப் பார்த்தவர் போல உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். குதிக்கிற பட்டனுக்கு அடியில் இருந்த இரண்டு முனைகளிலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகளைப் பின்பக்கமாக இழுத்து மிதியோடு சேர்த்தார். பட்டனை அழுத்தினாலும் குதிக்கும், மிதித்தாலும் குதிக்கும். எதற்கு என்று கேட்டார். என் கால் சும்மா இருக்க மாட்டேங்குது என்றாள் அக்கா. மெக்கானிக்குகள் இதைவிட விசித்திரமான பதில்களைக் கேட்டவர்கள். அவர் திருகாணிகளை மாட்டிக் கொடுத்துவிட்டார்.

மேசைக்குத் தரை வரைக்கும் தொங்குகிற ஒரு விரிப்பைத் தைத்துக்கொண்டு போய்ப் போட்டாள். அழகாக இருக்கிறது என்றாள் தம்பி மனைவி. கம்பி மேசைக் காலோடு இறங்கி விரிப்புக்குள் மறைந்தது.

முதல் ஞாயிறு பதினொன்றாவது மாடி. தம்பியின் விரல் பட்டன்மீது இருந்தது. அது அசையவும் செய்தது. அது அசைவதற்கு முன்பே விரிப்புக்குள் அக்காவின் பாதம், மூலையில் ஒற்றைத் தையல் போடுகிற கணக்காக, மிதித்து எடுத்தது. வாளிக்காரன் விளிம்பின் நுனியிலிருந்து எழும்பி, எதிர்ப் பலகையின் நடுவில் இறங்கினான். அப்படி ஒரு துல்லியம் அந்த ஆட்டத்தில் இதற்கு முன் நடந்ததில்லை. சோபாவிலிருந்து வேன்காரர் எழுந்தே நின்றுவிட்டார். தம்பி தன் விரலைப் பார்த்தான். பிறகு திரையைப் பார்த்தான்.

"இன்னைக்குக் கை பரவாயில்லபோல," என்றான்.

"மருந்து வேலை செய்யுதுடா," என்றாள் அக்கா. முப்பத்தொன்பது வருடத்தில் அவனிடம் சொன்ன முதல் பொய் அதுவல்ல என்றாலும், எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

பிறகு பதினான்கு. பதினேழு. நடுவில் ஒரு வாரம் கால் வழுக்கி நான்கில் முடிந்தது, பிறகு பத்தொன்பது. அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டே தம்பி மனைவி சொன்னாள்: "ஞாயிறு ஆடிட்டா செவ்வாய்க்கிழமை வரைக்கும் முகம் தெளிவா இருக்கு அண்ணி. புதன்கிழமைலருந்து அடுத்த ஞாயிறு எப்பன்னு கேக்க ஆரம்பிச்சுடறார்." கண்ணைத் தட்டிலேயே வைத்திருந்தாள். அவளுக்கு ஏதாவது தெரியுமா என்று அக்கா அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முதுகில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அந்த மாதங்களில் தம்பிக்குச் சட்டைப் பட்டனை மனைவி போட்டுவிட வேண்டியிருந்தது. பிறகு ஸ்பூனையும் அவள் பிடிக்க வேண்டியிருந்தது. நாக்கு லேசாக இழுக்க ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வாளிக்காரன் மேலே மேலே போய்க்கொண்டிருந்தான்.

இருபத்திரண்டாவது மாடிக்கு அவர்கள் வந்து சேர்ந்தது ஒரு ஞாயிறு நான்கேகால் மணிக்கு, ஒரே ஒரு உயிரோடு.

முப்பத்தொன்பது வருடம் ஏங்கிய திரை அவ்வளவு பெரிதாக ஒன்றுமில்லை. ஆட்டத்தை எழுதியவன் அந்த இடத்துக்கு வருவதற்குள் களைத்துப்போயிருக்க வேண்டும். ஒரு நீலத் தொட்டி, உச்சியில் ஒரு மஞ்சள் திருகு, நடுவில் மூன்றே மூன்று பலகைகள். கீழே தண்ணீர். வழக்கமாகச் சரிந்து கிடந்து வழி சொல்கிற வேன்காரர் சோபாவின் நுனிக்கு வந்திருந்தார். தம்பி மனைவி ஈரக் கையோடு அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

அக்கா முதல் பலகைக்கு நடத்தினாள். மிதித்தாள். இறங்கினான். இரண்டாவது பலகை. கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் நடத்தினாள், மிதித்தாள், இறங்கினான். மூச்சு வாங்க ஒரு கணம் நிறுத்தி, பக்கத்தில் பார்த்தாள்.

தம்பியின் கை பட்டன்மீது இல்லை. அவன் மடியில் இருந்தது.

வாளிக்காரன் பலகையில் நின்றான். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

"முதல் ஞாயித்துக்கிழமையே தெரியும்," என்றான் தம்பி.

"எப்படிடா?"

"நான் என்னைக்குக்கா நீ நினைச்ச நேரத்துல குதிச்சிருக்கேன்?"

அவன் அவசரத்தை அவள் திருத்திவிட்டிருந்தாள். அவனுடைய கோணல் ஒன்றுகூட விடாமல் திருத்தி, அழகாகத் தைத்து வைத்திருந்தாள்.

"தெரிஞ்சுக்கிட்டு ஏன்டா சும்மா இருந்த?"

"இதைப் பாக்கணும்ல. அதான் வாயை மூடிட்டு இருந்தேன். பாத்தாச்சு." திரையைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்தான். "காலை எடுக்கா."

"ஒரே ஒரு குதிடா. மூடிட்டு எந்திரிச்சுடலாம்."

"உன் காலு மூடிரும். எனக்குத் தெரியும். எடு."

தண்ணீர் பலகையின் அடியைத் தொட்டுவிட்டது. அக்கா பாதத்தை மிதியிலிருந்து எடுத்து, பக்கத்தில் வெறுந்தரையில் வைத்தாள். தம்பி தோளிலிருந்து கையைத் தூக்கினான். விரலை நம்பிப் பிரயோசனமில்லை; கையை அப்படியே பட்டன்மேல் போட வேண்டும். அக்கா நடத்த ஆரம்பித்தாள். அவள் வாழ்நாளில் இவ்வளவு முன்கூட்டி "ம்" சொன்னதில்லை. பலகையில் பாதி தூரம் மீதி இருக்கும்போதே சொல்லிவிட்டாள். கை கிளம்பியது. அது வந்துகொண்டிருந்தது. வாளிக்காரன் விளிம்பைத் தாண்டிக் காலை வைத்து, கீழே போன பிறகு பட்டன் அமுங்கும் சத்தம் கேட்டது.

திரை கறுத்தது. மறுபடி முதல் மாடியின் படமும், தொடங்கலாமா என்ற கேள்வியும் வந்தன.

"லேட்டுதான்," என்றான் தம்பி. "ஆனா என்னோடது."

வேன்காரர் மேசைக்கடியில் குனிந்து கம்பியைப் பிடுங்கினார். யாரும் சொல்லவில்லை, அவராகச் செய்தார். மிதியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் வீட்டைச் சுற்றி வந்து, கடைசியில் வேனில் கொண்டுபோய் வைத்தார்.

அடுத்த ஞாயிறும் அக்கா மூன்று மணிக்கு வந்தாள். முதல் மாடியில் ஆறு குழாய்கள். அதற்குமேல் ஆசைப்படுவதாக இல்லை. ஆனால் பழைய மாதிரி ஆட முடியாது. அவள் விளிம்புக்கு நடத்திப் போய்க் கைக்காகக் காத்திருந்தால் நின்ற இடத்தில்தான் குதிப்பான். நிற்காமல் போனால் விழுவான். யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். வாளிக்காரனைப் பலகையில் முன்னும் பின்னுமாக நடத்திக்கொண்டே இருந்தாள், ஆஸ்பத்திரி வராந்தாவில் உலாத்துகிறவர்களைப் போல. கண்ணைத் திரையில் வைக்கவில்லை. தம்பியின் கையில் வைத்தாள். பட்டன் அமுங்குவதற்கு முன் அவன் புறங்கையில் ஒரு நரம்பு லேசாகப் புடைக்கும். அது தெரிந்ததும் வாளிக்காரனை விளிம்புக்கு ஓடவிடுவாள். சில சமயம் இரண்டும் ஒன்றாக வந்து சேர்ந்தன.

"உன்னை யார்டா இப்ப குதிக்கச் சொன்னா," என்பாள் அப்போது.

அன்று நான்கு குழாய் மூடினார்கள். அடுத்த வாரம் மூன்று. பிறகு சில வாரம் ஒன்று. தம்பியின் பேச்சு மனைவிக்கு மட்டும் புரிகிறதாக ஆகி, அவள் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. என்ன சொல்கிறான் என்று அக்கா கேட்டபோது, "மாமாவை வழி சொல்லச் சொல்றார் அண்ணி," என்றாள். வேன்காரர், "இடது பக்கம் போ," என்றார். பிறகும் அதையே சொன்னார்.

இந்த ஞாயிறு தம்பியின் கையை மனைவிதான் எடுத்துப் பட்டன்மீது வைத்தாள். வைத்த இடத்தில் இருந்தது. முதல் உயிர் போயிற்று, இரண்டாவதும் போயிற்று. இன்றைக்கு இது போதுமா என்று தம்பி மனைவி அக்காவின் தோளைத் தொட்டாள். தம்பி கண்ணை ஒரு முறை மூடித் திறந்தான். இல்லை என்று அர்த்தம். மூன்றாவது உயிரில் அக்கா வாளிக்காரனை நடத்திக்கொண்டிருந்தாள். விளிம்பு வரை, திரும்பி, விளிம்பு வரை, திரும்பி. தண்ணீர் அவன் முழங்காலைத் தாண்டியிருந்தது. அவள் திரையைப் பார்க்கவில்லை. குனிந்து, அந்தப் புறங்கைக்கு வெகு பக்கத்தில் முகத்தை வைத்து, நரம்பு அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.